தராசு பிடித்த மருத்துவர்

எங்கள் விடுதியில் லக்னௌவைச் சேர்ந்த நண்பர் ஒருவருக்கும் எனக்கும் சென்ற ஆண்டு ஒரு வழக்கு மூண்டது. பேச்சுவாக்கில், பத்து மாதம் சுமந்து பெற்ற தாய் என்று நான் சொல்லப் போக, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் பக்கத்தில் தாய் ஒன்பது மாதந்தான் சுமப்பாளாம். தமிழ்நாட்டுத் தாய்மாருக்கு மட்டும் ஏன் ஒரு மாதம் அதிகம் என்று கேட்டார். நல்ல வேளையாக அடுத்த அறை வங்காள நண்பர் எனக்குத் துணையாக வந்தார். அவர்கள் கணக்கிலோ பத்து மாதத்துக்கு மேல் பத்து நாளும் உண்டு! இரவு பதினொரு மணி வரை நடந்த வழக்கைக் கடைசியில் தாளும் பென்சிலும் கொண்டு தீர்த்தோம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து பிள்ளைப்பேறு வரை சராசரியாக 280 நாள். மாதத்துக்கு இருபத்தெட்டு நாள் என்று வைத்தால் சரியாகப் பத்து மாதம். காலண்டர் மாதமாக எண்ணினால் ஒன்பது மாதமும் ஏறக்குறைய ஒரு வாரமும். ஆக, தமிழ்த் தாயும் லக்னௌத் தாயும் ஒரே கால அளவுதான் சுமக்கிறார்கள். மருத்துவர்கள் இந்த வம்பே வேண்டாமென்று 40 வாரம் என்கிறார்கள்.

வழக்கு தீர்ந்தாலும் எனக்கு ஓர் ஐயம் தீரவில்லை. மாதக் கணக்கு தாயின் நினைவில் இருப்பது. நினைவு தவறலாம்; சில சமயம் சொல்ல வெட்கம், சில சமயம் சொன்னாலும் கேட்பாரில்லை. அப்படியானால் பிறந்த குழந்தை நிறைமாதமா, குறைமாதமா என்பதை மருத்துவர் எதைக் கொண்டு முடிவு செய்கிறார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குள் புகுந்த என்னை, அது பின்லாந்து நாட்டு மருத்துவர் ஒருவரிடம் கொண்டு சேர்த்தது. அவர் பெயர் ஆர்வோ யுல்ப்போ. தம் நாட்டில் வீட்டுக்கு வீடு அறியப்பட்டவர் அவர். நம்மில் பெரும்பாலோர் அப்பெயரைக் கேட்டதில்லை. ஆனால் அவர் வகுத்த எல்லைக்கோடு நாம் பிறந்த அன்றே நம் எல்லோர் மீதும் வைத்துப் பார்க்கப்பட்டிருக்கிறது.

1887-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் தென் பின்லாந்திலுள்ள அக்கா என்னும் ஊரில் யுல்ப்போ பிறந்தார். பெற்றோர் உழவர்கள். மகனைப் பாதிரியாராக்க வேண்டுமென்பது அவர்கள் ஆசை. அக்காலத்தில் பின்லாந்து தனி நாடன்று. ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆண்டில் பாதி பனியும் இருளும். நிலம் வளமற்றது. பிறந்த குழந்தைகள் ஆயிரத்தில் நூறுக்கு மேல் ஓராண்டு நிறையும் முன்பே இறந்தன. இன்று நாம் செல்வச் செழிப்புள்ள நாடாகக் காணும் பின்லாந்தை மனத்திலிருந்து அகற்றிவிட்டுத்தான் அன்றைய பின்லாந்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெற்றோர் விரும்பிய வழியை விடுத்து, 1906-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார் மகன். குழந்தை மருத்துவம் என்பது அப்போது மருத்துவத்தின் கடைக்குட்டி. அதில் ஆழ்ந்து கற்க விரும்பியவர்கள் ஜெர்மனிக்குச் சென்றார்கள். யுல்ப்போவும் 1912-இல் சென்றார்.

பெர்லின் நகரை ஒட்டிய சார்லட்டன்பர்க்கில் 1909-இல் சிசு மரணத்தை எதிர்ப்பதற்கென்றே ஒரு பெரிய நிலையம் திறக்கப்பட்டிருந்தது. ஜெர்மானியச் சக்கரவர்த்தினி அகுஸ்தே விக்டோரியாவின் பெயரைத் தாங்கியது அது. லாங்ஸ்டைன் என்ற பேராசிரியரின் தலைமையில் அங்கே மருத்துவமும் ஆராய்ச்சியும் ஒருங்கே நடந்தன. யுல்ப்போ முதலில் எடுத்துக்கொண்டது பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை. பிறந்து இரண்டு மூன்று நாளில் குழந்தைகள் பலவற்றுக்கு உடல் மஞ்சளிக்கிறது. பிறகு தானே தெளிகிறது. ஏன்? அவர் குழந்தைகளின் இரத்தத்தில் பித்த நிறமியை அளந்தார். கருவிலிருந்து வெளிவந்த பிறகும் சில நாள் வரை குழந்தையின் ஈரல் கருவிலிருந்த நிலையிலேயே இருக்கிறது, நிறமியை வெளியேற்றும் வேலையை முழுதாக ஏற்கவில்லை என்று காட்டினார். 1913-இல் வெளிவந்த இந்த ஆராய்ச்சிதான் அவருடைய டாக்டர் பட்டத்துக்கு உரியது. ஊகத்தை நம்பாமல் அளந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கே படிந்தது. அது ஆயுள் முழுதும் அவரை விடவில்லை.

ஈரல் முதிராத குழந்தையைப் படித்தவர், உடல் முழுதும் முதிராத குழந்தையிடம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. குறைமாதக் குழந்தைகளைப் பற்றி உலகம் அன்று என்ன எண்ணியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

நம் பாட்டிமாரிடம் ஒரு நம்பிக்கை உண்டு: ஏழாம் மாதத்தில் பிறந்தது பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்பார்கள். இதை நம் நாட்டு மூடநம்பிக்கை என்று நானும் எண்ணியிருந்தேன். பார்த்தால், கிரேக்க நாட்டின் ஹிப்பாக்கிரட்டீஸ் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல்களிலும் இதே கொள்கை இருக்கிறது! இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஐரோப்பாவும் இதை நம்பியிருந்தது. உண்மையில் கருவில் ஒரு வாரம் கூடுதலாகத் தங்கினால் ஒரு வாரத்து நன்மை உண்டு. எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஏழாம் மாதக் குழந்தையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஏழு மாதம் என்று சொல்லப்பட்டுப் பிழைத்தவற்றுள் எத்தனை, கலியாணத் தேதிக்கு ஏற்பக் கணக்குச் சொல்லப்பட்ட நிறைமாதக் குழந்தைகளோ, யார் கண்டார்?

படித்த மருத்துவர்கள் நிலையும் பெரிதும் மேலானதன்று. குறைமாதக் குழந்தை இறந்தால், உயிர்வலுக் குறைவு என்று மரணப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதாவது, அது பிழைக்கும் சக்தியின்றிப் பிறந்தது, ஆகவே இறந்தது. இது விளக்கமா? மழை பெய்யாததால் வறட்சி, வறட்சி ஆனதால் மழையில்லை என்பது போன்றதுதான். பாரிஸ் நகரில் தார்னியே என்பவர் 1880-களில் கதகதப்புப் பெட்டி அமைத்ததும், அவர் மாணவர் புதேன் பல குழந்தைகளை அதில் வைத்துக் காத்ததும் உண்மையே. ஆனால் அமெரிக்காவில் அந்தப் பெட்டிகள் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பொருட்காட்சிக்குப் போயின. நியூயார்க் அருகே கோனித் தீவில், 1903 முதல் நாற்பதாண்டுக் காலம், குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, காசு கொடுத்தவருக்குக் காட்டினார்கள். அந்தக் காசில்தான் அக்குழந்தைகளுக்கு வைத்தியமும் நடந்தது, பலவும் பிழைத்தன. இதைப் படித்தபோது கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று எனக்கு விளங்கவில்லை.

யுல்ப்போ செய்தது வேறு. இறந்த குறைமாதக் குழந்தைகளைத் திறந்து பார்த்தார். ஒன்றிரண்டல்ல, பல நூறு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. பெர்லினில் பாலுக்கும் ரொட்டிக்கும் பஞ்சம். 1916-17 குளிர்காலத்தில் மக்கள் கிழங்கைத் தின்று உயிர் வாழ்கிறார்கள். அந்த நகரத்தில் ஒரு வெளிநாட்டு இளைஞர் எவருக்கும் வேண்டாத சின்னஞ்சிறு உடல்களைப் பரிசோதித்துக் குறித்துக்கொண்டிருந்தார். மூளையில் இரத்தக் கசிவு, நுரையீரலில் கோளாறு, தொற்று நோய் என்று ஒவ்வொரு மரணத்துக்கும் கண்ணால் காணத்தக்க காரணம் இருந்தது. உயிர்வலுக் குறைவு என்று பெயரிட்டு மூடி வைத்தவையெல்லாம் நோய்கள். நோய் என்றால் அதை ஆராயலாம், தடுக்கவும் முயலலாம். விதி என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 1919-இல் வெளியான அவருடைய நீண்ட கட்டுரைகள் இந்த ஒரு மாற்றத்தைச் செய்தன. என் எண்ணத்தில் அவர் செய்த காரியங்களில் தலையாயது இதுவே. எல்லைக்கோடு அதற்குப் பின்னர்தான்.

அந்த எல்லைக்கோட்டுக்கு வருவோம். இத்தனை குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், எது குறைமாதக் குழந்தை என்பதில் எல்லா மருத்துவமனைகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். தாயின் மாதக் கணக்கை நம்பலாமா? ஏழைத் தாய்மார், மணமாகாத தாய்மார், கைவிடப்பட்ட குழந்தைகள் என்று பலர் வந்து சேர்ந்த இடத்தில் அந்தக் கணக்குக் கிடைப்பதே அரிது. தராசோ எல்லா மருத்துவமனையிலும் உண்டு. அது பொய் சொல்லாது, வெட்கப்படாது. ஆகவே பிறந்தபோது 2500 கிராமோ அதற்குக் குறைவோ எடையுள்ள குழந்தையைக் குறைமாதக் குழந்தையாகக் கொள்வது என்ற வரையறையை யுல்ப்போ நிறுவினார். விஞ்ஞானம் படிக்கும் நமக்கு இது புதிதன்று. நேரே அளக்க முடியாத ஒன்றுக்குப் பதிலாக, அதனோடு சேர்ந்து செல்லும், அளக்க முடிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். வெப்பத்தை அளக்கப் பாதரசத்தின் உயரத்தைப் பார்ப்பதில்லையா? இரண்டும் உண்மையிலேயே சேர்ந்து செல்லும் வரையில் இம்முறையில் பிழையில்லை.

1920-இல் அவர் தாய்நாடு திரும்பினார். அதற்குள் பின்லாந்து விடுதலை பெற்றிருந்தது. 1918-இல் உள்நாட்டுப் போர் நடந்து, தந்தையிழந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அந்நாட்டுப் படைத்தலைவர் மானர்ஹைமின் தமக்கை சோபி மானர்ஹைம் என்ற அம்மையார் லண்டனில் செவிலிப் பயிற்சி பெற்றவர். ஆதரவற்ற தாய்மாருக்கும் சிசுக்களுக்கும் ஹெல்சிங்கியில் ஒரு விடுதியைத் தொடங்கியிருந்தார். குழந்தைகளின் கோட்டை என்று அதற்குப் பெயர். பெயர்தான் கோட்டை, தொடங்கியபோது எளிய விடுதிதான். 1920-இல் படைத்தலைவரின் பெயரால் குழந்தை நலச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டபோது கோட்டை அச்சங்கத்தின் பொறுப்பில் வந்தது. தலைமை மருத்துவராக யுல்ப்போ அமர்ந்தார். அமர்ந்தவர் 1963 வரை எழுந்திருக்கவில்லை! இடையில் 1925 முதல் 1957 வரை பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பேராசிரியராகவும் இருந்தார்.

பெர்லினில் அவர் இறந்த குழந்தைகளைப் பரிசோதித்தார் என்றால், ஹெல்சிங்கியில் நோயில்லாத குழந்தைகளை அழைத்துப் பார்க்கத் தொடங்கினார். 1922-இல் கோட்டையில் ஓர் ஆலோசனை நிலையம் திறக்கப்பட்டது. நோய் வந்த பின் வருவதற்கன்று. நலமாயிருக்கும்போதே தாய் குழந்தையை எடுத்து வருவாள். நிறுப்பார்கள், அளப்பார்கள், குறித்துக்கொள்வார்கள், பாலூட்டும் முறையைச் சொல்லிக்கொடுப்பார்கள். கட்டணம் கிடையாது. இந்த ஏற்பாடு ஊரூராகப் பரவியது. 1944-இல் தாய் சேய் ஆலோசனை நிலையம் நடத்துவது ஒவ்வோர் ஊராட்சிக்கும் கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. அந்த ஆண்டில் பின்லாந்து சோவியத் ஒன்றியத்தோடு போரிட்டுத் தோற்று, நிலத்தையும் இழந்து நின்றது. அந்த நிலையிலும் தராசு வாங்கவும் செவிலியரை அமர்த்தவும் சட்டம் இயற்றினார்கள் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

பின்லாந்துப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும், குழந்தைத் துணிகள் அடங்கிய அட்டைப் பெட்டி ஒன்றை அரசு வழங்கி வருகிறது. அந்தப் பெட்டியே குழந்தைக்குத் தொட்டிலும் ஆகும். 1949-இல் அதற்கு ஒரு நிபந்தனை சேர்ந்தது. கருவுற்ற நான்காம் மாதம் முடியுமுன் தாய் ஆலோசனை நிலையத்துக்கு வந்து தன்னைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். துணிக்காக வந்தவளுக்கு வைத்தியம் கிடைத்தது. அதோடு மாதக் கணக்கும் ஆரம்பத்திலேயே ஏட்டில் ஏறிவிட்டது.

யுல்ப்போவைக் குறையற்றவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அவர் பயின்ற காலத்து ஜெர்மானிய மருத்துவம் கண்டிப்பானது. கடிகாரத்தைப் பார்த்துப் பாலூட்டு, அழுதாலும் எடுக்காதே என்று தாய்மாருக்குக் கட்டளையிட்ட மருத்துவம் அது. அப்படி வளர்த்த தலைமுறைகள் ஐரோப்பாவில் உண்டு. நம் வீடுகளில் அப்படி யாரேனும் கட்டளையிட்டிருந்தால் பாட்டி அவரை வாசலோடு அனுப்பியிருப்பாள்.

இனி எல்லைக்கோட்டின் கதை. அது பின்லாந்தையும் ஜெர்மனியையும் தாண்டிப் போய்விட்டது. 1935-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அதை ஏற்றது. 1948-இல் உலகச் சுகாதாரப் பேரவை முதன்முறையாகக் கூடியபோது, 2500 கிராமோ அதற்குக் குறைவோ உள்ள குழந்தை முதிராத குழந்தை என்று உலகுக்கெல்லாம் பொதுவாக அறிவித்தது. பெர்லினில் வைத்த கோடு சென்னைக்கும் வந்தது, கல்கத்தாவுக்கும் வந்தது.

வந்த பிறகுதான் கோளாறு வெளிப்பட்டது. இந்தியாவிலும் மற்ற ஏழை நாடுகளிலும் தராசில் வைத்துப் பார்த்தால் நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று குழந்தைகள் கோட்டுக்குக் கீழே விழுந்தன. இத்தனை பேருக்கும் மாதம் குறைந்துவிட்டதா? அப்படியானால் நம் தாய்மாரில் பெரும் பகுதியினர் பத்து மாதம் சுமக்கவே இல்லையா? விடை தாய்மாரிடமே இருந்தது. கேட்டால் அவர்கள் நிறைமாதம் என்றார்கள். குழந்தையைப் பார்த்தாலும் அப்படியே தெரிந்தது. மாதம் நிறைந்திருந்தது, எடைதான் நிறையவில்லை. பாதரசமும் வெப்பமும் இங்கே சேர்ந்து செல்லவில்லை! 1961-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, 2500 கிராமுக்குக் கீழ்ப்பட்டதை முதிராமை என்று சொல்லக் கூடாது, எடை குறைந்த பிறப்பு என்றே சொல்ல வேண்டும் என்று திருத்தியது. ஒரு சொல்தான் மாறியது. ஆனால் அந்தச் சொல் மாறியதால், கோடிக்கணக்கான தாய்மார் காலத்துக்கு முன் பெற்றார்கள் என்ற பொய் ஏட்டிலிருந்து நீங்கியது. 1976-இல் இன்னொரு சிறு திருத்தம்: சரியாக 2500 உள்ள குழந்தை கோட்டுக்கு மேலே ஏற்றப்பட்டது. கைத்தராசில் நிறுப்பவர்கள் முழு எண்ணாகவே எழுதுவதால் சரியாக 2500 என்று பதிவாகும் குழந்தைகள் ஏராளம். ஒரு கிராம் வித்தியாசந்தானே என்று நினைத்துவிட வேண்டாம்.

கோடு ஒன்று போதாது, கட்டம் வேண்டும் என்று காட்டியவர் அமெரிக்காவில் டென்வர் நகரத்து லூலா லப்செங்கோ என்ற அம்மையார். 1963-இல் அவரும் உடனுழைத்தோரும் 5,635 குழந்தைகளின் எடையைக் கருக்கால வாரத்தோடு சேர்த்து வரைந்து காட்டினர். நம் வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடையச்சில் வாரம், நிலையச்சில் எடை. 37 வாரம் முடியுமுன் பிறந்தவர் குறைமாதம், 42 வாரமும் அதற்கு மேலும் ஆனவர் நாள் கடந்தவர், இடைப்பட்டவர் நிறைமாதம். ஒவ்வொரு வாரத்திலும், நூறு குழந்தைகளை எடைப்படி வரிசையாக நிறுத்தினால் கீழிருந்து பத்துக்குள் வருபவர் வாரத்துக்குச் சிறியவர், மேலிருந்து பத்துக்குள் வருபவர் வாரத்துக்குப் பெரியவர், நடுவே எண்பது பேர் பொருந்தியவர். 1967-இல் பத்தாலியாவும் லப்செங்கோவும் இந்த ஒன்பது கட்டத்தையும் மருத்துவர் கையில் கொடுத்தனர்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். 2000 கிராம் எடையில் இரண்டு குழந்தைகள் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிலில் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 33 வாரத்தில் பிறந்தது; மற்றொன்று 39 வாரத்தில். யுல்ப்போவின் தராசுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முதற்குழந்தையின் நுரையீரலில் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பசை போதிய அளவு ஊறியிராது. அதற்கு அபாயம் மூச்சில். இரண்டாவதற்கு மூச்சுப் பெரும்பாலும் சீராக இருக்கும். கருவில் போதிய ஊட்டம் கிடைக்காமல் மெலிந்த அதற்கு ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு இல்லை. பிறந்த சில மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை விழுந்து வலிப்பு வரலாம். முதலாவதன் மூச்சைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவதற்கு உடனே பாலூட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பாவித்தால் ஒன்றுக்குத் தீங்கு.

தாயின் கணக்குக் கிடைக்காவிட்டாலும் குழந்தையே தன் வயதைச் சொல்லும். உள்ளங்காலைப் பார்த்தால் நிறைமாதக் குழந்தைக்குக் குதிகால் வரை ரேகை ஓடியிருக்கும். மிக முன்னதாகப் பிறந்ததன் பாதம் வழவழவென்றிருக்கும். காதுமடலை மடக்கி விட்டால் நிறைமாதக் காது உடனே நிமிரும். குறைமாதக் காது மடிந்தபடியே கிடக்கும். தோலின் தடிப்பு, கைகால் மடங்கும் விதம் இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுக் கூட்டி வயதைச் சொல்லும் முறைகளை 1970-களில் வகுத்தார்கள். அனுபவமுள்ள நம் மருத்துவச்சிகள் மதிப்பெண் போடாமலே இதில் பாதியை அறிந்திருந்தார்கள் என்று என் பாட்டி சாதிப்பாள்.

பாட்டி சாதிப்பதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தபோது என் எடை 2200 கிராம். அப்பாவுக்கு வடக்கே வேலையாகி அம்மா வந்து ஓராண்டு ஆகியிருக்கவில்லை, இந்தி தெரியாது. ஊரையும் ஆஸ்பத்திரியையும் சொல்ல வேண்டியதில்லை. தராசில் வைத்தார்கள், சீட்டில் குறைமாதம் என்று எழுதினார்கள். தேதியை அம்மாவிடம் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளால் அவர்கள் மொழியில் சொல்லியிருக்க முடியாது. அவள் விரல் விட்டு எண்ணி வைத்திருந்த கணக்கு நாளுக்கு நாள் சரியானது. ஆயினும் அந்தச் சீட்டைப் பார்த்தவர்களெல்லாம், வேலைக்கார வீடாக ஓடியாடினாயா, பாரம் தூக்கினாயா, பட்டணத்துப் பஸ்ஸில் ஏறினாயா என்று அவளையே கேட்டார்கள். யாரும் கேட்காத கேள்வி, வந்த இடத்தில் ஓராண்டாக நீ என்ன சாப்பிட்டாய் என்பது. கேட்டிருந்தால், ரொட்டி இறங்காமல் பாதி நாள் தயிரும் சோறும் மட்டுமே உண்டதும், இரத்தம் குறைவென்று கொடுத்த மாத்திரையைக் குமட்டலுக்குப் பயந்து தூக்கிப் போட்டதும் தெரிந்திருக்கும். லப்செங்கோ அம்மையாரின் வரைபடத்தில் நான் என்னைத் தேடிப் பார்த்தேன். 40 வாரத்தில் 2200 கிராம் என்பது கீழ்ப் பத்துக்கும் கீழே. நான் முந்தி வந்தவனல்லன், மெலிந்து வந்தவன். தொலைபேசியில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள், இதைத்தானே அன்றே சொன்னேன் என்பது போல் பேச்சை மாற்றிவிட்டாள்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், எடை பதிவான இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 18 பேர் 2500-க்குக் கீழே இருந்தனர். அவர்களில் பெரும் பகுதியினர் மாதம் நிறைந்தும் எடை நிறையாதவர்கள். தாயின் இரத்தச் சோகை, சிறு வயதிலே கலியாணம், அடுத்தடுத்துப் பிள்ளைப்பேறு, எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் ஆகியவை அதற்குக் காரணங்கள். வரைபடத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. டென்வர் கடல் மட்டத்துக்கு ஒரு மைல் உயரத்தில் உள்ள நகரம். மெல்லிய காற்றில் குழந்தைகள் சற்று எடை குறைந்தே பிறக்கின்றன. அந்நகரத்து வளைவை எல்லா நாட்டுக்கும் எப்படிப் பொருத்துவது? எட்டு நாடுகளில், நல்ல உணவும் நலமும் வாய்த்த தாய்மாரைத் தேர்ந்தெடுத்து அளந்து, 2014-இல் புதிய அளவுகோல் வெளியிட்டார்கள். இந்தியாவிலிருந்து அதில் சேர்ந்த நகரம் நாகபுரி. நன்கு உண்ட தாய்மாரின் குழந்தைகள் நாட்டுக்கு நாடு வளர்ச்சியில் பெரிதும் ஒத்திருந்தன என்பது அதன் முடிவு. நம் குழந்தை சிறியதாகப் பிறப்பது நம் இனத்தின் இயல்பு என்று சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இதைக் காட்டலாம்.

இவ்வளவும் கண்ட பிறகு யுல்ப்போவின் கோடு பிழையா என்று என் அறைத் தோழர் கேட்டார். கோட்டைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. தேதி தெரியாத குழந்தைகளுக்கிடையில், தராசு ஒன்றையே துணையாகக் கொண்டு போட்ட கோடு அது. கைவிடப்பட்டவற்றை நோயாளிகளாக ஏட்டில் ஏற்ற அது உதவியது. பின்னால் வந்தவர்கள் தராசை மட்டும் வைத்துக்கொண்டு, தேதி சொல்லத் தெரிந்த தாய்களிடமும் தேதி கேட்காமல் விட்டார்கள். ஹெல்சிங்கியில் அவரே தொடங்கிய ஆலோசனை நிலையங்களில் தாயைக் கேட்பதும் குழந்தையை நிறுப்பதும் ஒரே மேசையில்தான் நடந்தன.

1952-இல் பின்லாந்து அவருக்குத் தலைமை மருத்துவர் என்ற உயர்ந்த விருதுப் பெயரை அளித்தது. ஒரு காலத்தில் ஒருவருக்கோ மிகச் சிலருக்கோ மட்டும் உரியது அது. 1963-இல், டென்வரில் வரைபடம் வெளியான அதே ஆண்டில், குழந்தைகளின் கோட்டையிலிருந்து ஓய்வு பெற்றார். அதன் பின்னும் ஏறக்குறைய முப்பதாண்டு வாழ்ந்தார். தம் கோட்டின் பெயர் மாறியதும், கட்டங்கள் வந்ததும், 1000 கிராம் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியதும் அவர் வாழ்நாளிலேயே நடந்தன. 1942-இல் பின்லாந்து வானியலறிஞர் வைசாலா கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு யுல்ப்போவின் பெயர் இடப்பட்டிருக்கிறது; அதன் எண் 2846.

1992-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் ஹெல்சிங்கியில் அவர் காலமானார். வயது 104. அவர் ஜெர்மனியிலிருந்து திரும்பிய காலத்தில் ஆயிரத்துக்கு நூறு போலிருந்த பின்லாந்தின் சிசு மரணம், அவர் கண்மூடிய ஆண்டில் ஆயிரத்துக்குச் சுமார் 5.